அளவோடு பின்னப்பட்ட கவசம்



உத்திரமேரூரில் எம் மாணவி ஒருத்தி, 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் களமிறங்கிய சென்னையின் பவானி தேவியைக் கண்டு வாள்வீச்சு பழக விரும்பினாள். அவளுடைய அத்தா மலிவாகப் பழைய மேலங்கி ஒன்றை வாங்கிவந்தார். அதில் தர முத்திரை ஏதும் இல்லை. “அல்லாஹ் காப்பான், ஹஜ்ரத்” என்றார். நாமும் தலையசைத்தோம்.

அன்றைய பாடம் ஸபா அத்தியாயம். தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிய அல்லாஹ், கவச வளையங்களை அளவோடு இணைக்கவும் பணித்தான் என்று விளக்குகையில் எம் நாவு தயங்கியது.

1982இல் ரோம் நகரில் நடந்த உலகப் போட்டியில், முறிந்த வாள் முகமூடியைத் துளைத்ததால் சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ் உயிரிழந்தார். அதன்பின் விதிகள் கடுமையாயின. இன்று உயர்நிலைச் சர்வதேசப் போட்டிகளில் மேலங்கி 800 நியூட்டன் விசையையும், முகமூடியின் கழுத்துக்காப்பு 1600 நியூட்டன் விசையையும் துளையாமல் தாங்க வேண்டும்.

உஹதுப் போரில் நபி (ஸல்) அவர்களே இரட்டைக் கவசம் அணிந்தார்கள். அவர்களைவிடவா நம் தவக்குல் பெரிது?

மறுநாள் அத்தாவிடம் எம் தவற்றை ஒப்புக்கொண்டோம். மேலங்கி திரும்பிச் சென்றது. முத்திரையைப் பார்த்து வாங்குவதும், பழுதானதை ஒதுக்குவதும் அமானிதத்தைப் பேணுவதே. பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமல்லவா?