சமையற்கட்டுக்கு எந்தக் கருவி?

கல்யாண மண்டபச் சமையற்கட்டில் புகை உணர்கருவியை மாட்டினால், தாளிக்கும்போதெல்லாம் மணி அலறும். கொஞ்ச நாளில் யாராவது அதன் வயரையே பிடுங்கிவிடுவார்கள். அங்கே வேண்டியது வெப்ப உணர்கருவி.

அதிலும் சூடு வேகமாக ஏறினால் ஒலிக்கும் வகை, நிமிடத்துக்கு சுமார் 8 டிகிரி செல்சியஸ் கணக்கு, அடுப்படிக்கு ஆகாது. அண்டாவிலிருந்து எழும் ஆவியே அதை ஏமாற்றிவிடும். 57 டிகிரி போன்ற குறித்த அளவில் ஒலிப்பதே சரி. ஆனால் தகரக் கூரையடியில், மே மாத வெயிலில்? அமெரிக்காவின் தீ எச்சரிக்கை விதியான என்.எஃப்.பி.ஏ. 72, கூரையடியில் எதிர்பார்க்கும் உச்ச வெப்பத்தைவிடக் குறைந்தது 11 டிகிரி கூடுதலான அளவைக் கேட்கிறது.

பராமரிப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெள்ளையடிக்கும்போது கருவிமீதும் ஒரு பூச்சு ஏறிவிடும். பிறகு அது சூட்டை உணரத் தாமதமாகும். உருகும் உலோகக் கலவை கொண்டது ஒருமுறை இயங்கினால் தீர்ந்தது, புதிதுதான் மாட்ட வேண்டும். அதைச் சூடு காட்டிச் சோதிக்கவே கூடாது.

இதெல்லாம் சமையற்கட்டுக்குத்தான்; படுக்கையறைக்குப் புகைக் கருவியே வேண்டும்.