எவாட்ஸ் என்று ஒரு புலவர்

‘இன்றைய அமெரிக்காவின் சமூக, அரசியல் பிரச்சினைகள்’ என்று வகுப்பில் ஒரு கட்டுரை கேட்டார்கள். கைபேசியைத் திறந்தால் எல்லாம் கொட்டிக் கிடக்கிறது: துப்பாக்கி, எல்லைச் சுவர், பொலிஸ், கறுப்பினத்தவர். நானும் ஒரே இரவில் நாலு பக்கம் எழுதினேன். விடிய எழும்பி வாசித்தால் அதில் என்னுடைய வசனம் ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் பழைய கொப்பி ஒன்று கண்ணில் பட்டது. ‘திருவாக்குப் புராணம்’ பாடிய அளவெட்டிக் கனகசபைப் புலவரின் பெயருக்குப் பக்கத்தில், எப்போதோ பென்சிலால் குறித்திருந்தேன்: ஜெரமையா எவாட்ஸ். யாழ்ப்பாணத்து அளவெட்டியில் பிறந்த மனுசனுக்கு இது எங்கிருந்து வந்த பெயர்?

பாதி விடை சுலபமாகக் கிடைத்தது. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது. பிள்ளைகளின் படிப்புக்கு அமெரிக்காவில் இருந்து காசு அனுப்புகிறவர்கள் விரும்பிய பெயரை இங்கே பிள்ளைகளுக்கு வைத்தார்கள். ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை எல்லாம் அந்த வழியில் வந்த பெயர்கள். பள்ளிக்கூடத்தில் இவற்றை ஒரே மூச்சில் பாடமாக்கினோம். முன்பாதி ஆருடையது என்று நானும் கேட்டதில்லை, படிப்பித்தவர்களும் சொன்னதில்லை.

அசல் எவாட்ஸ் 1781இல் வெர்மொன்ரில் பிறந்தவர், சட்டம் படித்தவர். அந்த மிஷனரிமாரை யாழ்ப்பாணம் அனுப்பிய பொஸ்ரன் சங்கத்துக்கு 1821 முதல் செயலாளர். இவ்வளவும் எதிர்பார்த்ததுதான். அடுத்த வரியில்தான் நின்றுவிட்டேன். 1829இல், வில்லியம் பென் என்ற புனைபெயரில் பத்திரிகையில் 24 கட்டுரைகள் எழுதினார். எல்லாம் தன் சொந்த அரசுக்கு எதிராக. ஜோர்ஜியாப் பக்கம் வாழ்ந்த செரோக்கி மக்களை அவர்களுடைய நிலத்தில் இருந்து மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் அனுப்பிவிட ஜனாதிபதி அன்ட்ரூ ஜாக்சன் முனைந்த நேரம் அது. எவாட்ஸ் வேதத்தோடு நிற்கவில்லை, ஒப்பந்தங்களையும் கையில் எடுத்தார். 1791இல் எழுதிய ஒப்பந்தத்தில் அந்த நிலம் அவர்களுக்கே என்று உத்தரவாதம் கொடுத்திருக்கிறீர்களே, அதற்கு என்ன பதில் என்று கேட்டார். பதில் வாக்கெடுப்பில் வந்தது. 1830 மே மாதம், பிரதிநிதிகள் சபையில் 102க்கு 97. ஐந்தே வாக்கில் அவர்களை அனுப்பும் சட்டம் நிறைவேறியது.

அடுத்த வருடம் எவாட்ஸ் இறந்துபோனார். 1832இல் உச்ச நீதிமன்றம், செரோக்கி மண்ணில் ஜோர்ஜியாவின் சட்டம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கை நடத்திய வூஸ்டர், எவாட்ஸின் சங்கம் அனுப்பிய மிஷனரி. தீர்ப்பு காகிதத்தோடு போயிற்று. 1838இல் படையை அனுப்பி மக்களைக் கிளப்பினார்கள். ஏறக்குறைய 4,000 பேர் முகாம்களிலும் வழியிலும் செத்தார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

எவாட்ஸைத் தலையில் தூக்கி வைக்கவும் எனக்கு மனமில்லை. இதே சங்கம் கனெரிகட் மாநிலத்தின் கோர்ன்வால் ஊரில் ஒரு பள்ளிக்கூடம் நடத்தியது. அங்கே படித்த செரோக்கிப் பெடியன் ஒருவன் தன் பெயரை விட்டு, ஆதரித்த பெரியவர் எலையஸ் பூடினோவின் பெயரையே வைத்துக்கொண்டான். எங்கள் கனகசபையின் கதைதான். அவன் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கலியாணம் செய்யப்போகிறான் என்று தெரிந்ததும் ஊர் கொடும்பாவி கட்டியது. கொளுத்தினவர்களில் பெண்ணின் சொந்தத் தமையனும் ஒருவர். அது 1825. அந்தக் காலத்தில்தான் இவர்களுடைய மிஷனரிமார் சாதி பார்ப்பது பிழை என்று எங்கள் ஆட்களுக்குப் போதித்துக்கொண்டிருந்தார்கள்! பூடினோ பிறகு, 1828இல், செரோக்கியும் ஆங்கிலமுமாக ஒரு பத்திரிகை நடத்தினார். அச்செழுத்து பொஸ்ரனில் வார்த்தது. 1841இல் இங்கே தமிழும் ஆங்கிலமுமாக ‘உதயதாரகை’ வந்ததற்கு 13 வருடம் முன்.

இதையெல்லாம் அம்மம்மாவுக்குச் சொன்னேன். சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டவ, ஒப்பந்தம் என்ற இடத்தில் கையை நிறுத்தினா.

“அவையளிட்டையும் உறுதி இருந்ததோ பிள்ளை?”

“இருந்தது அம்மம்மா.”

“பிறகென்ன?”

எழும்பிப் போய் பிஸ்கற் பேணியைக் கொண்டுவந்தா. 90 ஆனியில் சண்டைக்குள் மயிலிட்டியை விட்டு ஓடிவரும்போது மடியில் கட்டிக்கொண்டு வந்த காணி உறுதி அதற்குள் இருக்கிறது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்பக்கம் ரேப் ஒட்டி, முத்திரை மங்கிப்போன காகிதம். எல்லை வாசிக்கச் சொன்னா: கிழக்கு ஒழுங்கை, தெற்கு ஐயாத்துரையின் பங்கு. கண்ணாடி இல்லாமலே எனக்கு முதல் சொல்லி முடித்துவிட்டா.

கட்டுரையைத் திருப்பி எழுதிக் கொடுத்தேன். ‘இன்றைய’ என்ற சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டு, ‘தலைப்பை விட்டு விலகிவிட்டது’ என்று எழுதி வந்தது.

மயிலிட்டித் துறைமுகத்தை இராணுவம் 2017 ஜூலையில் விட்டது. அம்மம்மாவின் எட்டுப் பரப்பில் மூன்று பரப்பு இன்றைக்கும் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம்.