வந்த தடம்

மே மாதத்துப் பிற்பகல் மூன்று மணி. வாலிநோக்கத்துக்கும் மாரியூருக்கும் நடுவே ஒரு சீமைக் கருவேலங்காடு. ஜீப்பின் முன்கண்ணாடியை ஒட்டிப் பொருத்தியிருந்த என் கைபேசி சூடு தாங்காமல் நின்றுபோனது. அதுவரை அது காட்டிய வழியில்தான் வந்திருந்தேன். உப்பளத்துக்குப் போகும் மண்சாலை, அதிலிருந்து பிரிந்த வண்டித்தடம், அதிலிருந்து இன்னொன்று. இராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கரையில் தடங்களுக்குப் பஞ்சமில்லை. கரிமூட்டம் போடுகிறவர்களின் டிராக்டர் ஒன்று போட்டிருக்கும். உப்பு லாரி ஒன்று போட்டிருக்கும். எல்லாம் ஒரே அகலம், ஒரே நிறம், இருபுறமும் ஒரே முள்.

தெற்கே கடல், வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலை. இந்த ஒரு கணக்கை நம்பி வண்டியை வடக்கே ஒடித்தேன். முள் விலகி, வெள்ளை வெளேரென்று ஒரு களர்வெளி வந்தது. பார்வைக்கு வறண்ட தரை. முன்சக்கரங்கள் ஏறியதும் உப்புப் பொருக்கு உடைந்தது. அடியில் கருஞ்சேறு. அச்சு வரை இறங்கி நின்றது வண்டி.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் வந்தார். அரிவாளால் கருவேலங்கொப்புகளை வெட்டிச் சக்கரத்தடியில் திணித்தார். ஒரு மணி நேரம் போராடி வண்டியைப் பின்னால் எடுத்து மேடேற்றினோம். அப்போதும் என் கண் வடக்கிலேயே நின்றது.

"ஐயா, அந்தப் பனைகளைச் சுத்திப் போனா ரோட்டைப் பிடிச்சுரலாமா?"

"குறுக்க போகாதீக தம்பி. வந்த தடத்துலயே திரும்பிப் போங்க. வர்றப்ப அது உங்க வண்டியத் தாங்குச்சுல்ல?"

சொன்னதோடு நிற்கவில்லை. என் டயர் பதிந்த மண்ணைப் பார்த்துப் பார்த்து முன்னால் நடந்து, உப்பளச் சாலை வரை கொண்டுவந்து விட்டார். கொடுத்த பணத்தை வாங்க மறுத்துவிட்டு ஆடுகளைத் தேடிப் போனார்.

சாலையில்லா இடங்களில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கென்றே வரும் ஜிபிஎஸ் கருவி ஒன்றை வாங்க வேண்டும் என்று ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். ஏழு அங்குலத் திரை, ஏற்கெனவே ஏற்றிய வரைபடங்கள், வாயால் வழி சொல்லும் வசதி என்றெல்லாம் ஒப்பிட்டு ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தேன். அன்றிரவு ஏர்வாடியில் தங்கியபோது அந்த நோட்டைப் புரட்டினேன். எழுதியது எல்லாம் போகும் வழியைப் பற்றி. திரும்பும் வழியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மறுநாள் பாம்பனுக்குப் போனேன். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் அவை கடலுக்குப் போவதில்லை. படகுகளைக் கரையேற்றி வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். படகு டிரைவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். நான் தேடுவது என்னவென்று சொன்னதும் ஏணி வைத்து மேலே கூப்பிட்டார்.

சக்கரத்துக்குப் பக்கத்தில் பெரிய திரையுள்ள கருவி ஒன்று பொருத்தியிருந்தது. அவர் அதைக் காட்டவில்லை. பாலித்தீன் பையில் சுற்றிய உள்ளங்கையளவு கருவி ஒன்றை எடுத்தார். பொத்தான்களின் எழுத்துகள் தேய்ந்து போயிருந்தன.

"பெரிசு படகோடது, சின்னது என்னோடது. எஞ்சின் நின்னு பேட்டரியும் போச்சுன்னா பெரிசு வெறும் பெட்டி. இதுக்கு ரெண்டு செல் போட்டாப் போதும், தம்பி."

"கரை தெரியாத எடத்துல போறதுக்கு இதுதான் வழியா அண்ணே?"

"போறதுக்குக் காத்து இருக்கு, நீவாடு இருக்கு, கண்ணு இருக்கு. மிசினு வர்றதுக்குத்தான்."

நீவாடு என்றால் நீரோட்டம். முந்தின நாள் ஆட்டுக்காரர் சொன்னதையே இவர் கடல் பக்கமிருந்து சொன்னார். பொத்தானை அழுத்தித் தன் புள்ளிகளைக் காட்டினார்: துறை, வலை மாட்டிக் கிழிந்த கடலடிப் பார், போன பருவத்தில் மீன் பட்ட இடம். அவற்றுக்குக் கிழக்கே ஒரு கோடு. 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இந்தியாவும் இலங்கையும் பாக் நீரிணையில் ஆறு புள்ளிகளைக் குறித்து இணைத்த கடல் எல்லை அது. கடைசி இரண்டு புள்ளிகளும் 79 டிகிரி 32 நிமிடத் தீர்க்கரேகையில் விழுகின்றன. தனுஷ்கோடியின் அரிச்சல்முனையிலிருந்து பார்த்தால் பத்துக் கிலோமீட்டர் அளவுதான். நீரில் கோடு கிடையாது. அதற்கு முன்பே கருவி சத்தமிடும்படி வைத்திருந்தார். அந்தச் சத்தத்துக்குத் திரும்பாமல் போனால் படகும் போகும், மாதக்கணக்கில் ஆளும் போவான். தன் உயிரையும் பிழைப்பையும் ஒப்படைத்து ஒருவர் வைத்திருக்கும் கருவியிடம் கற்க எனக்கு நிறைய இருந்தது.

அங்கிருந்து தனுஷ்கோடிக்கு ஓட்டினேன். ஒருபக்கம் பெண்கடல், மறுபக்கம் ஆண்கடல் என்று இங்கே சொல்வார்கள். வடக்கே பாக் நீரிணை குளம்போல் கிடந்தது. தெற்கே மன்னார் வளைகுடா இரைந்தது. கச்சான் காற்று தார்ச்சாலையின் மேல் மணலை இழைத்துக்கொண்டிருந்தது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையிலான இந்த ஒன்பதரைக் கிலோமீட்டர் சாலை 2017 ஜூலை 27 அன்றுதான் திறக்கப்பட்டது. அதற்கு முன் ஜீப்பிலும் வேனிலும்தான் போக முடியும். நானும் அப்படிப் போயிருக்கிறேன். ஓட்டுநர் நீர் விளிம்பில் சிறிது ஓட்டுவார், மணலுக்குள் ஏறுவார், மறுபடி நீர் விளிம்புக்கு வருவார். நேற்றுப் போன தடம் இன்று தாங்குமா என்று அவருக்குத் தெரியும்.

இந்தக் கரையில் வரைபடத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்குத் தனுஷ்கோடியைவிடப் பெரிய பாடம் இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு வரை இது ரயில் நிலையமும் தபால் நிலையமும் தேவாலயமும் இருந்த ஊர். பாம்பனிலிருந்து வந்த 653ஆம் எண் பாசஞ்சர் ரயிலைப் பயணிகளோடு புயல் அலை கொண்டுபோன அந்த இரவுக்குப் பிறகு, அச்சிட்ட எல்லா வரைபடங்களும் பழையவை ஆயின. வரைபடம் என்பது யாரோ ஒருவர் என்றோ பார்த்த நிலம். நம் டயர் பதித்த தடம் இன்றைக்கு நிலம் சொன்ன பதில்.

இதை வைத்துத்தான் கருவியைத் தேர்ந்தேன். இதே கரையில் சுற்ற நினைப்பவர்களுக்காக, பார்த்த முறையைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். டவர் இல்லாத இடத்தில் கைபேசி வழி காட்டாது என்பது முழு உண்மை அல்ல. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. நான்கு கோள்களின் சமிக்ஞை கிடைத்தால் கைபேசியும் தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். மூன்று இடத்துக்கு, நான்காவது நம் கருவியின் கடிகாரப் பிழையைத் தீர்க்க. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால் டவர் தேவையில்லை. இராமநாதபுரத்தில் வானம் திறந்து கிடக்கிறது. மலையும் இல்லை, மாடியும் இல்லை. ஆகவே துல்லியம் இங்கே பெரிய சிக்கல் அல்ல. வெயில், உப்பு, குலுக்கல் இவைதான் சிக்கல். கைபேசி தோற்பது இந்த மூன்றிடம்.

அதனால் திரையின் அளவை விட்டுவிட்டு, நடுப்பகல் வெயிலில் அது தெரிகிறதா என்று பார்த்தேன். கையடக்கக் கருவிகளின் திரை மேலே விழும் வெயிலையே வெளிச்சமாகத் திருப்பித் தரும் வகை. வெயில் கூடக் கூட எழுத்து தெளியும். அடுத்தது பொத்தான். சேறு பிடித்த விரலுக்கும் வியர்த்த விரலுக்கும் தொடுதிரை பணிவதில்லை. மூன்றாவது, கடையில் கிடைக்கும் செல். ஏழு அங்குல வண்டிக் கருவி ஒன்றைப் பற்றிக் கேட்டேன். வண்டி மின்சாரம் இல்லாவிட்டால் மூன்று மணி நேரத்துக்குள் அணைந்துவிடும். சேற்றில் இறங்கிய ஜீப்பின் பேட்டரியை நம்பி அதை வாங்க மனம் ஒப்பவில்லை. நான்காவது, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் கெடாத தரம்.

இன்னொன்று, கட்டாயம் கவனிக்க வேண்டியது. சில மாதிரிகளின் எண்ணுக்குப் பின்னால் 'ஐ' என்ற ஓர் எழுத்து இருக்கும். ஜிபிஎஸ்மேப் 67 வேறு, 67ஐ வேறு. பின்னது செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பவும் செய்யும். அத்தகைய கருவியைத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். மண்டபத்தில் கடலோரக் காவல்படையும் உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத் தளமும் உள்ள கரை இது. கேட்க மட்டும் தெரிந்த கருவியே போதும்.

கடைசியில் நான் வாங்கியது கார்மின் ஜிபிஎஸ்மேப் 65எஸ். 2.6 அங்குலத் திரை, முகப்பிலேயே பொத்தான்கள், இரண்டு செல்லில் 16 மணி நேரம். அமெரிக்க ஜிபிஎஸ்ஸோடு நம் இஸ்ரோ 2013 முதல் ஏவிய நேவிக் கோள்களின் சமிக்ஞையையும் கேட்கும். இராமேசுவரத்துப் பள்ளிவாசல் தெருவிலிருந்து ஒரு பிள்ளை ராக்கெட் செய்யப் போன தீவு இது. இங்கே நின்று அந்தக் கோள்களைப் பிடிக்கும்போது மனம் நிறைகிறது. தன்னார்வலர்கள் வரைந்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தைச் செலவின்றி ஏற்றிக்கொண்டேன்.

வாங்கிய அன்று முதல் வேலையாக எண் எழுதும் முறையைச் சரிபார்த்தேன். அரிச்சல்முனையின் அட்சரேகை ஏறத்தாழ 9.15 டிகிரி. அதை டிகிரி-நிமிட முறையில் எழுதினால் 9 டிகிரி 9 நிமிடம். இது தெரியாமல் 9 டிகிரி 15 நிமிடம் என்று அடித்தால் புள்ளி ஆறு நிமிடம் வடக்கே தள்ளிவிடும். ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், 1.85 கிலோமீட்டர். ஆக 11 கிலோமீட்டர் தள்ளி, பாக் நீரிணையின் நடுவே போய் விழும். கருவி எதுவும் சொல்லாது; கொடுத்த எண்ணை நம்பும்.

அடுத்து, படகு டிரைவர் எல்லைக்கு வைத்த அதே சத்தத்தை நான் நிலத்துக்கு வைத்தேன். தனுஷ்கோடி மணலில் ஜனவரி முதல் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும். வடக்கே ஆழமற்ற நீரில் பூநாரைகள் மேயும். 2025 ஜூனில் தமிழ்நாடு அரசு அங்கே பூநாரைச் சரணாலயம் அறிவித்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருப்பவனுக்கு மணலில் இறங்கும் ஆசை வரும், எனக்கும் வந்ததுண்டு. ஒரு டயர் தடத்தின் கீழ் ஒரு கூட்டு முட்டை முழுவதும் நசுங்கலாம். ஆகவே சாலையை விட்டு விலகக்கூடாத இடங்களில் புள்ளி வைத்து, நெருங்கினால் கத்தச் சொல்லியிருக்கிறேன். போகக்கூடாத இடத்தைச் சொல்வதும் வழிகாட்டுவதுதான்.

ஆகஸ்டில் கருவியோடு வாலிநோக்கத்துக்குத் திரும்பினேன். உப்பளச் சாலையில் தடப் பதிவைத் தொடங்கிவிட்டு உள்ளே போனேன். திரையில் புள்ளி புள்ளியாக என் வழி வளர்ந்தது. கடல் தெரியும் வரை போய், வந்த தடத்தைப் பிடித்துத் திரும்பினேன். ஒரு முறைகூட இறங்கி யாரையும் கேட்கவில்லை. அந்தத் தடத்துக்குப் பெயர் வைத்துச் சேமித்தேன்.

வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் மறுபடி போனேன். சேமித்த தடத்தின் மேல் அப்படியே ஓட்டினேன். பாதி வழியில், திரையில் கோடு நேரே போனது. தரையில் மழைநீர் அறுத்த புது ஓடை ஒன்று குறுக்கே கிடந்தது. நீர் வற்றி, மேலே மெல்லிய உப்பு பூத்திருந்தது. மே மாதத்தில் நான் ஏறிய அதே வெள்ளை.

வண்டியை நிறுத்தி இறங்கினேன். ஒரு கருவேலங்கொப்பை ஒடித்து ஊன்றிப் பார்த்தேன். முழங்கை வரை இறங்கியது. ஓடையின் கரையில் கருவியில் ஒரு புள்ளி வைத்தேன். ஆகஸ்டுத் தடத்தை அழித்தேன். அன்று காலை முதல் பதிந்திருந்த புதுத் தடம் திரையில் எனக்குப் பின்னால் நீண்டு கிடந்தது. வண்டியைத் திருப்பி, அதைத் தாங்கிய மண்ணிலேயே மெதுவாக வந்துசேர்ந்தேன்.