கம்பெனி பஸ்

திங்கள்

பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டுவதற்குள் பாதி பஸ் தூங்கியாயிற்று. வேலூரிலிருந்து ஆம்பூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். எனக்கு அங்கே ஷூ கம்பெனியின் கணக்குப் பிரிவில் நாற்காலி. பக்கத்து சீட் அக்காவுக்கு ஷூவின் மேல்பாகம் தைக்கும் மெஷின். ஏறியதும் முந்தானையை முகத்தில் போர்த்திக்கொள்வார். மாதனூர் வந்தால் யாரும் எழுப்பாமலே விழிப்பு வந்துவிடும்.

"இவ்ளோ தூரம் கஷ்டமா இல்லையாக்கா?"

"வூட்ல யாரும்மா நம்மள உக்கார வுடறாங்க?"

செவ்வாய்

உளவியலாளர் டேனியல் கானமன் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்கள் முந்தைய நாளில் என்னென்ன செய்தார்கள், அப்போது மனம் எப்படி இருந்தது என்று எழுதியிருக்கிறார்கள். சந்தோஷத்தில் வேலைக்குப் போய்வரும் பயணத்துக்குத்தான் கடைசி இடம். அங்கே பெரும்பாலும் அவரவர் காரை அவரவரே ஓட்டியாக வேண்டும். இங்கே ஸ்டியரிங் டிரைவர் கையில். விடியுமுன் சோறு வடித்து, டப்பா கட்டி, பிள்ளைக்குத் தலை பின்னிவிட்டு ஓடி வருகிறவளுக்குக் கை சும்மா இருக்கும் நேரம் இது ஒன்றுதான். இதைச் சந்தோஷம் என்று எழுதக் கூசுகிறது. வீட்டில் கிடைக்காத தூக்கத்தை பஸ்ஸில் தூங்குகிறார்கள், அவ்வளவுதான்.

புதன்

சாயங்கால பஸ்ஸில் யாரும் தூங்குவதில்லை. "தண்ணி புடிச்சியா, மாவு இருக்குதா" என்று சீட்டுக்கு சீட்டு போன்.

வெள்ளி

டீசல் செலவைச் சொல்லி, பஸ் இனி ஊருக்குள் வராதாம். நெடுஞ்சாலையிலேயே இறங்கிக்கொள்ள வேண்டும். மாதனூரை ஒட்டிய கிராமத்துப் பெண்களுக்கு அங்கிருந்து விளக்கில்லாத மண்பாதை. 2021 மே முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லைதான். ஆனால் அது ஷிப்ட் விடும் நேரம் பார்த்தா வருகிறது?

சனி

தையல் பிரிவில் ஒரு சின்னப் பெண் வேலையை விட்டுவிட்டாள். வீட்டுப் பக்கத்திலேயே சின்ன யூனிட், சம்பளம் கம்மி. நெடுந்தூரம் போய் வருகிறவர்களுக்கு அந்த அலைச்சலைச் சம்பளமோ குறைந்த வாடகையோ ஈடுகட்டுவதில்லை என்று ஃப்ரே, ஸ்டட்சர் என்ற பொருளாதார அறிஞர்கள் 2008இல் எழுதினார்கள். இவளோ இத்தனை நாளும் அந்தத் தூரத்தைச் சொல்லி அலுத்துக்கொண்டதே இல்லை. கடைசி அரை கிலோமீட்டர் இருட்டுக்குத்தான் அவள் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை.

பஸ்ஸை மறுபடி ஊருக்குள் விடச் சொல்லி மனு கொடுக்கலாம் என்று பேச்சு. எழுதித் தரும்படி அக்கா என்னைக் கேட்டிருக்கிறார். முதல் கையெழுத்து யார் போடுவது என்பதில்தான் இழுபறி.