ஒட்டுத்துணியும் ஓரக்கரையும்

வெள்ளிக்கிழமைக் காலையில் தாம்பரம் இரயில் நிலையத்துப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த பைக்குள் முடிவுறாத ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று இருந்தது. என் அவசரத்தால் குறைபட்ட போர்வை அது.

எங்கள் அன்னை இறைவனடி சேர்ந்தபின் அவருடைய சேலைகளை ஏழைகளுக்கு வழங்கினோம். நைந்துபோன மூன்று பருத்திச் சேலைகள் மட்டும் எஞ்சின. துறவற சபையில் சேர்ந்து, வட இந்தியப் பணித்தளத்திற்குச் செல்லவிருக்கும் அக்காவின் மகளுக்கு அவற்றால் ஒரு போர்வை தைக்க எண்ணினோம். பாட்டியின் சேலை குளிருக்கு அணைப்பாக இருக்குமன்றோ?

சேலையூரில் வாழும் அக்கா, கட்டம் போட்ட நோட்டில் வரைபடம் தீட்டத் தொடங்கினாள். எனக்கோ பொறுமையில்லை. “அம்மாவின் சேலையைக் கணக்குக்குள் அடைப்பதா? கைக்கு வந்த நிறத்தை அடுத்தடுத்து வைத்துத் தைப்போம்” என்றேன். “அளந்து வெட்டடி, வெட்டிய துணி வளராது” என்றாள் அக்கா. நான் செவிகொடுக்கவில்லை.

போர்வை 60 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் இருத்தல் வேண்டும். 4 அங்குலச் சதுரங்களாக வெட்டினேன். நைந்த பகுதிகளைக் கழித்தபின் 300 துண்டுகளே தேறின. வரிசைக்கு 15, மொத்தம் 20 வரிசை. கணக்கு சரியென்றே மகிழ்ந்தேன். ஆனால் ஒவ்வொரு துண்டிலும் நாற்புறமும் கால் அங்குலம் தையலுக்குள் மறையும் என்பதை மறந்தேன். தைத்து முடித்தபோது அகலம் 52½, நீளம் 70 அங்குலமே இருந்தது. போர்த்தினால் கால் மூடாது. அன்னையின் சேலையிலோ ஒரு துண்டும் மிச்சமில்லை. அக்கா கடிந்துகொள்ளவில்லை, அவளுடைய மௌனமே என்னைச் சுட்டது.

குறையை நிரப்பத் துணி தேடித்தான் பல்லாவரத்து வெள்ளிச் சந்தைக்குப் புறப்பட்டேன். 1931ஆம் ஆண்டு முதல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் ஓடும் தடம் இது. அடுத்த நிலையமான சானட்டோரியத்தின் அருகே, 1984இல் உருவான ஏற்றுமதி வளாகம் உள்ளது. ஆடை ஏற்றுமதித் தொழிலில் துணியை அடுக்கடுக்காக விரித்து, காகித அச்சின்படி ஒரே வீச்சில் வெட்டுவர். அச்சு பிழைத்தால் அடுக்கு முழுவதும் பாழ். திட்டமின்றி அங்கே கத்தரி அசையாது.

குரோம்பேட்டை கடந்து பல்லாவரத்தில் இறங்கினால் உலகமே வேறு. பழைய டிரங்க் சாலைச் சந்தையில் செடிகள், பழைய நாற்காலிகள், பாத்திரங்கள், துணிக் குவியல்கள் எனக் கிடைப்பதெல்லாம் அன்றைய வரவு. இன்ன நிறம் வேண்டும் என்று எழுதிக்கொண்டு வருபவர் ஏமாந்து போவார். குவியலைக் கிளறிக்கொண்டிருந்த என்னிடம் கடைக்கார அம்மாள், “எவ்வளவு வேணும்னு வீட்டிலேயே அளந்துட்டு வாங்கம்மா. கலரை இங்கே வந்து பார்த்துக்கலாம்” என்றார். என் நெடுநாள் வழக்கு ஒரு நொடியில் தீர்ந்தது!

கருநாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் தைக்கும் ‘கவந்தி’ எனும் போர்வை நினைவுக்கு வந்தது. இவர்களுள் கத்தோலிக்கரும் உண்டு. தம் போர்வையில் சிலுவை வடிவைத் தைப்போரும் உண்டு. பழஞ்சேலையை அடித்துணியாக விரித்து, ஓரத்திலிருந்து உள்நோக்கித் தைத்து வருவர். எந்த நிறத்தை அடுத்து வைப்பது என்பதைக் கையும் கண்ணும் அவ்வப்போது முடிவுசெய்யும். ஆயினும் எல்லையை அடித்துணி முதலிலேயே வகுத்துவிடுகிறது. அளவு முன்கூட்டியே, நிறம் போகப்போக!

அக்காவின் நோட்டை விரித்துக் கணக்கிட்டேன். பக்கவாட்டில் 3¾ அங்குலக் கரை, மேலும் கீழும் 5 அங்குலக் கரை. வெட்டும்போது தையலுக்காக ஒவ்வொன்றிலும் அரை அங்குலம் கூடுதல். நிறத்தைக் குவியலிடம் விட்டேன். கருநீலப் பருத்தி ஒன்று கிடைத்தது. அன்னை ஒருநாளும் உடுத்தாத நிறம். எனினும் அவருடைய சேலைத் துண்டுகள் அதன் நடுவே ஒளிர்ந்தன.

திரும்புமுன் பரங்கிமலைக்குச் சென்று படியேறினேன். போர்த்துக்கீசியர் 1547இல் இங்கு ஆலயத்திற்கு அடித்தளம் தோண்டியபோது, பழைய கற்சிலுவை ஒன்று வெளிப்பட்டது. அவர்கள் திட்டத்தில் அது இல்லை. ஆயினும் அதை ஒதுக்கிவிடாமல் பீடத்தின் சுவரிலேயே பதித்தனர். இன்று மலையேறுவோர் அதன்முன் அன்றோ முழந்தாளிடுகிறோம்!

கோபுரம் கட்டுகிறவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று உவமை கூறியவர் நம் ஆண்டவர். பாலைநிலத்தில் மன்னாவை அன்றன்றைக்கே சேர்க்கச் சொன்னவரும் அதே இறைவன். இரண்டும் நமக்கு வேண்டும்.

வீடு திரும்பியதும் கருநீலத் துணியைத் துவைத்து உலர்த்தினோம். புதுத்துணி பின்னர் சுருங்கினால் தையல் இழுக்குமே! இம்முறை அக்கா அளந்தாள், நான் வெட்டினேன். மகள் அதைப் போர்த்திப் பார்த்தாள். கால் மூடியது.