டீச்சரின் காது

செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகளுக்கான நாள். எண்ணூரில் அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெஞ்சுகள் ஒன்பது மணிக்கே நிரம்பியிருந்தன. தம்பி மனைவிக்குத் துணையாகப் போன நான் சுவரோரம் நின்றேன். வாசலுக்கு அப்பால் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் வரிசை.

பயிற்சிக்கு வந்திருந்தவர்கள் நால்வர். மூவருக்கு இருபது வயது இருக்கும். நான்காமவருக்கு நாற்பது, காதோரம் நரை. நால்வருக்கும் ஒரே சீருடை. வயிற்றைத் தொடும் முன் கைகளைத் தேய்த்துச் சூடாக்க வேண்டும் என்பது பாடம்தான். மற்ற மூவரும் அவசரத்தில் மறந்தார்கள். இவர் ஒரு முறைகூட மறக்கவில்லை.

நெட்டுக்குப்பத்திலிருந்து வந்த பெண் உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டாள்.

"டீச்சர்! நீங்க இன்னா இங்க?"

"படிக்க வந்திருக்கேன்டி. சத்துமாவு உருண்டைய மூக்குல தேய்ச்சிக்கினு நிப்பியே, இப்ப இரும்புச்சத்து மாத்திரைய ஒழுங்கா முழுங்குறியா?"

அங்கன்வாடி டீச்சராக இருந்தவர். துணைச் செவிலியருக்கான ஏ.என்.எம். படிப்பு இரண்டு ஆண்டு; பொதுவாக 35 வயது தாண்டினால் சேர்க்க மாட்டார்கள். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கென்று அரசு தனியாக ஒரு வழி விட்டது. அதில் வந்திருக்கிறார். குப்பத்துப் பிள்ளைகளை நிறுத்தி எடை பார்த்தே பழகிய கை, இப்போது அதே பிள்ளைகளில் ஒருத்தியின் வயிற்றில் குழந்தையின் முதுகு எந்தப் பக்கம் என்று தடவித் தேடியது. முதுகு இருக்கும் பக்கம்தான் துடிப்பு தெளிவாகக் கேட்கும்.

ஃபீட்டோஸ்கோப்பை வைத்துக் குனிந்தார். மின்விசிறியின் கடகடப்பு, வெளியே ஹாரன். எழுந்துபோய் விசிறியை நிறுத்திவிட்டு வந்தார். மறுபடி குனிந்து, கண் கடிகாரத்தில் இருக்க, முழு நிமிடம் எண்ணினார். 110-லிருந்து 160-க்குள் இருக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நூத்தி நாப்பத்திரண்டு, சிஸ்டர்."

தன்னைவிடப் பத்து வயது இளைய செவிலியரிடம் எழுந்து நின்று சொன்னார். அவரும் கேட்டுப் பார்த்துத் தலையசைத்தார்.

பிறகு டீச்சர், எந்தப் படிவத்திலும் இல்லாத ஒன்றைக் கேட்டார்: "ராத்திரி அம்மோனியா வாடை வந்தா இன்னா பண்ணுவ?" 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் அம்மோனியா கசிந்து பெரியகுப்பத்து ஜனங்கள் மூச்சுத் திணறி ஓடியதை எண்ணூரில் யார் மறப்பார்கள்? "கர்ப்பத்தப் பதிஞ்ச பிக்மி நம்பர், அட்டை, ரெண்டு துணி, எல்லாத்தையும் ஒரே பையில போட்டுக் கதவாண்ட வை. வலி வந்தா லாரி நகரட்டும்னு காத்திருக்காத. உடனே 108-க்கு போன் போடு."

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை பத்துக் கிலோமீட்டருக்கு மேல். இந்தச் சாலையில் அது எவ்வளவு நேரம் என்பது இங்கே பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். ஊரை இப்படி அறிந்தவர்கள் செவிலியராக வந்து சேர, அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு அரசு விட்ட அந்த வழி இன்னும் அகலமாக வேண்டும்.

டீச்சர் விசிறியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். பதிவேட்டில் அந்தப் பெண்ணின் பெயருக்கு எதிரே 142 என்று எழுதினார்.