காற்றுக்கு வாசல் வைத்த வீடு

திருநெல்வேலி டவுனை விட்டுச் சேரன்மகாதேவி சாலையில் மேற்கு நோக்கிப் புறப்பட்டால் எங்கள் பேட்டை வந்துவிடும். காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள் 1896 ஆம் ஆண்டு பிறந்த ஊர் என்றால் நம் வாசகர்களுக்கு வேறு அறிமுகம் தேவையில்லை. ம.தி.தா. இந்துக் கல்லூரி இங்குதான் இருக்கிறது. தெற்கே சற்றுத் தொலைவில் தாமிரவருணி ஓடுகிறது. சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியும் நெல்லைக் கால்வாய் எங்கள் பக்கமாகவே டவுனுக்குச் செல்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் விழுந்தால், செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வரும் மேல்காற்று எங்கள் தெருக்களில் புழுதியை வாரிக்கொண்டு போகும்.

அந்தக் காற்றைப் பற்றித்தான் இக்கட்டுரை. அதை வீட்டுக்குள் அழைப்பதா, வெளியே நிறுத்துவதா என்பதில் எங்கள் குடும்பத்தில் ஓராண்டுக்காலம் வழக்கு நடந்தது.

எங்கள் பழைய வீடு குறுகி நீண்ட நெல்லை நாட்டு வீடு. தெருவில் திண்ணை, அதையடுத்துத் தார்சா, பின்பு பட்டாசல், நடுவே வானவெளி, அதன் அப்புறம் அரங்கு வீடும் அடுக்களையும், கடைசியில் கிணற்றோடு புறவாசல். கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்தால் எழுந்த சுவர்கள். மேலே பனங்கை வரிசையில் நாட்டு ஓடு. 2019 ஆம் ஆண்டு வாப்பா வஃபாத்தான பிறகு பார்த்தால், பனங்கைகளில் பாதி செல்லரித்திருந்தன. ஓட்டைப் பிரித்து மாற்றுவதா, வீட்டையே இடித்துக் கட்டுவதா என்ற கேள்வி எழுந்தது.

ஷார்ஜாவில் பணிபுரியும் என் தம்பி ஒரு படத்தை அனுப்பிவைத்தான். முகப்பு முழுதும் கண்ணாடி. வானவெளி இல்லை. அறைக்கு அறை குளிர்சாதனம். "காக்கா, பதினாறு வருஷம் உழைச்ச காசு. ஊர் பார்க்கணும்" என்றான். அவன் சொன்னதில் தவறில்லை. பாலைவன வெயிலில் உழைத்தவனுக்கு அந்த ஆசை இருக்கத்தானே செய்யும்!

படத்தை உம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு நெடுநேரம் பார்த்தார்கள். "படம் அழகாத்தான் இருக்கு வாப்பா. இதிலே பொம்பளைங்க எங்கே நின்னு மூச்சு விடுறது?" என்று கேட்டார்கள்.

பூட்டிய சன்னல்கள்

அந்த ஒரு கேள்வி என்னை உறங்கவிடவில்லை. எங்கள் உறவினர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருந்தார். அங்கு சென்று, சித்திரை மாத நண்பகலில், வேண்டுமென்றே அடுக்களையில் அரைமணி நேரம் அமர்ந்தேன். நாற்பது வயதைக் கடந்த நான் அடுப்பு எரியும் நேரத்தில் அடுக்களையில் அப்படி அமர்ந்தது அதுவே முதல் முறை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பெரிய சன்னல்கள் இருந்தன. ஆனால் யாவும் தெருவைப் பார்த்தவை. கோஷாவைப் பேணும் பெண்கள் அவற்றைத் திறப்பதில்லை. குடிபுகுந்த நாளில் பூட்டியவை பூட்டியபடியே கிடந்தன. மேலே கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை வாங்கி இரவெல்லாம் கீழே இறக்கிக்கொண்டிருந்தது. பழைய வீட்டில் சூடேறிய காற்று மேலெழுந்து வானவெளி வழியே வெளியேறும். அந்த இடத்தை நிரப்பப் புறவாசலின் நிழற்காற்று உள்ளே வரும். வெளியார் கண் படாமலே வெளிச்சமும் காற்றும் கிடைத்த அந்த ஏற்பாட்டை "இடம் வீண்" என்று சொல்லி அடைத்திருந்தார்கள். அந்த வீணின் விலையை அன்றாடம் செலுத்துவோர் அடுப்படியில் நிற்கும் நம் தாய்மார்களும் மனைவிமார்களுமே.

திருவனந்தபுரத்தில் கண்டது

2021 இறுதியில், மதரஸா விடுமுறையில், நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரத்திற்கு ரயிலேறினேன். லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர் கட்டியவற்றை நேரில் காண்பதே நோக்கம். 1917 இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்த அவர், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சீனத்தில் மருத்துவப் பணியாற்றித் திரும்பும் வழியில் பம்பாயில் காந்தியடிகளைச் சந்தித்தார். நல்லதொரு வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பவையாக இருக்கவேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தைக் கடைசிவரை மறவாதவர். பின்னர் இந்தியாவிலேயே வாழ்ந்து, 1990 இல் பத்மஸ்ரீ பெற்று, 2007 இல் திருவனந்தபுரத்திலேயே மறைந்தார்.

தம்பானூரில் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தவுடன் அவருடைய இந்தியன் காபி ஹவுஸ் எதிர்ப்படுகிறது. சுருண்டு மேலேறும் செங்கல் கோபுரம் அது. சுவர் நெடுகிலும் சிறு சிறு துளைகள். உள்ளே அமர்ந்து தேநீர் அருந்தினேன். வெளியே பேருந்துகளின் இரைச்சல். உள்ளே இதமான காற்று. தெருவில் செல்வோரை நான் பார்க்க முடிந்தது. வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது உள்ளே இருந்தவர்கள் முகம் தெரியவில்லை. உம்மாவின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாக என் உள்ளம் சொல்லிற்று.

உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தையும் கண்டேன். மரத்தை வெட்டாமல் சுவரை வளைத்துக் கட்டியிருக்கிறார். அவர் பரப்பிய முறைகளுள் இரண்டை விளக்கவேண்டும். ஒன்று, எலிப்பொறிக் கட்டு. படுக்கவைக்கும் செங்கலைப் பக்கவாட்டில் நிறுத்தி, இரு வரிசைக்கும் நடுவே வெற்றிடம் விட்டு எழுப்புவது. ஒன்பது அங்குலச் சுவரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். நடுவில் நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கும். மற்றொன்று, தளத்தின் அடிப்பகுதியில் கம்பிகளுக்கு இடையே பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்துக் கான்கிரீட் போடுவது. தளத்தின் அடிப்பாகத்தில் இழுவிசையைத் தாங்குவது கம்பியே. அங்குள்ள கான்கிரீட்டில் ஒரு பகுதியை ஓடுகள் ஈடுசெய்கின்றன. சிமெண்டும் குறையும், சூடும் குறையும்.

இவ்விடத்தில் எகிப்தின் ஹசன் ஃபத்ஹியையும் (1900–1989) நினைவுகூர வேண்டும். அஸ்வான் பக்கத்து நூபியக் கொத்தனார்களிடம் மண்கட்டி வளைவுகள் கட்டும் கலையைக் கற்று, 1940களின் பிற்பகுதியில் லக்ஸர் நகருக்கருகே புதிய குர்னா என்னும் கிராமத்தையே அவர் எழுப்பினார். முற்றமும் காற்றுக்கூண்டும் கொண்ட அழகிய வீடுகள். எனினும் அத்திட்டம் முற்றுப்பெறவில்லை. எந்த மக்களுக்காகக் கட்டப்பட்டதோ அவர்கள் தங்கள் பழைய ஊரை விட்டு வர விரும்பவில்லை. வாழப்போகிறவரின் மனம் இணங்காத வீடு, எத்துணை அறிவோடு கட்டினாலும் நிறைவு பெறாது என்பதற்கு அது சான்று. இந்தப் பாடத்தையும் மூட்டையில் கட்டிக்கொண்டே ஊர் திரும்பினேன்.

ஐந்து மைல் கணக்கு

பேட்டையைச் சுற்றி ஐந்து மைலுக்குள் நமக்கு என்ன கிடைக்கும் என்று கணக்கெடுத்தேன். முதலிற் கிடைத்தது எங்கள் பழைய வீடே! தேக்கு நிலையும் கதவுகளும் உறுதியாக இருந்தன. செல்லரிக்காத பனங்கைகள், அத்திவாரக் கற்கள், கிணற்றடிப் பலகைக் கற்கள் யாவும் மீண்டும் உதவின. செங்கல் அருகிலுள்ள சூளையிலிருந்து வந்தது.

மணலில்தான் மனம் இடறிற்று. ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவுக்கு நீரை வீணாக்கலாகாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவன் நான். அந்த ஆற்றின் மணலையே வாரி வீடு கட்டினால் பாடம் என்னாவது? தாமிரவருணியில் மணல் அள்ளுவதை எதிர்த்து மூத்த தலைவர் இரா. நல்லகண்ணு தாமே நீதிமன்றத்தில் வாதாடினார். 2010 இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஐந்தாண்டுத் தடை விதித்தது. ஆற்றுமணல் தண்ணீரைப் பிடித்துவைக்கும் பஞ்சு. அது போனால் கரையோரக் கிணறுகளும் வற்றும். ஆகவே கல்லை உடைத்துச் செய்யும் எம்சாண்டையே பயன்படுத்தினோம். அதிலும் தூசி மிகுந்த கலப்படச் சரக்கு உண்டு. ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் மணலும் நீரும் இட்டுக் குலுக்கித் தெளியவைத்துப் பாருங்கள்; மேலே தடிப்பாகச் சேறு படிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சுண்ணாம்புக் கோட்டில் நடந்த உம்மா

வரைபடத்தைக் காகிதத்தில் முடிக்காமல், காலி மனையில் சுண்ணாம்புப் பொடியால் அறைகளைக் கோடிட்டோம். உம்மா, என் மனைவி, தம்பி மனைவி மூவரும் அந்தக் கோடுகளுக்குள் நடந்து பார்த்தார்கள். அடுக்களையிலிருந்து கிணற்றடிக்கு எத்தனை எட்டு, விருந்தாளி வந்தால் பெண்கள் எப்படிக் கடந்து செல்வது, தொழுகைக்கு எவ்விடம் என்று பேசித் தீர்த்தார்கள். இங்கிருந்து கிப்லா நேர்மேற்கன்று. சுமார் 24 பாகை வடக்கே சாய்ந்தது. கழிப்பறை அத்திசையை நோக்காமலும் புறங்காட்டாமலும் அமையவேண்டும் என்பதால் அதன் இடத்தை முதலிலேயே குறித்தோம். கடைசியில் இடித்துச் சரிசெய்யும் தொல்லை இல்லை.

மேற்கே இன்னொரு சிக்கல். நல்ல காற்றும் மேற்கு, மாலை வெயிலும் மேற்கு. ஆகவே மேற்குச் சுவரை எலிப்பொறிக் கட்டாக எழுப்பி, அதில் ஆளுயரத்துக்கு மேலே துளைச்சுவர் வைத்து, வெளியே ஒரு வேம்பை நட்டோம். நடுவில் வானவெளி, பழைய அளவில் பாதியாக. அடுக்களைக்குக் கிழக்கே மற்றொரு துளைச்சுவர்.

எங்கள் கொத்தனார் முதலில் தயங்கினார். "ஹஜ்ரத், செங்கலை நட்டுக்கா வச்சா சுவரு நிக்குமா?" என்றார். புறவாசலில் மூன்றடிச் சுவர் ஒன்றைச் சோதனையாகக் கட்டச் சொன்னோம். இரண்டு நாள் கழித்து அவரே கடப்பாரையால் தட்டிப் பார்த்துத் தலையசைத்தார். ஓடு பதித்த தளத்துக்கு மட்டும் பொறியாளர் ஒருவரின் கம்பிக் கணக்கை எழுத்தில் வாங்கினோம். இதில் ஊகத்துக்கு இடமில்லை.

தம்பிக்கு ஒவ்வொரு வாரமும் படம் அனுப்பினேன். கண்ணாடி முகப்பைக் கைவிட்டு மிஞ்சிய தொகையில், வட்டிக்கடன் வாங்காமலே கீழ்த்தளம் முடிந்தது. மாடிக்கு வேண்டிய அத்திவாரம் போட்டு வைத்திருக்கிறோம். அவன் பங்கை அவன் விருப்பப்படி பின்னர் எழுப்பலாம்.

மழை வைத்த தேர்வு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை, தூத்துக்குடி மக்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரவருணி கரைபுரண்டு நெல்லைச் சந்திப்புப் பகுதியை மூழ்கடித்தது. அந்த இரவில் எங்கள் வானவெளி நீரெல்லாம் குழாய் வழியே கிணற்றடிக் குழிக்கு ஓடிற்று. பழைய வெள்ளங்களைப் பற்றி உம்மா சொன்னதைக் கேட்டு, பேஸ்மட்டத்தைத் தெருவிலிருந்து மூன்றடி உயர்த்தியது நல்லதாயிற்று. ஆனால் நான் கவனியாத ஒன்றும் வெளிப்பட்டது. வடகிழக்கிலிருந்து அடித்த சாரல், கிழக்குத் துளைச்சுவர் வழியே புகுந்து அரிசி டின் வரை நனைத்துவிட்டது. மேல்காற்றையே எண்ணி, கீழ்க்காற்று மழையை மறந்தேன். பிறகு அங்கு இரண்டடி ஓட்டுச் சாய்ப்பு இறக்கினோம்.

வீடு கட்ட நினைக்கும் சகோதரர்களுக்கு அனுபவத்தில் சொல்வேன். மனையில் ஓராண்டின் காற்றையும் வெயிலையும் மழையையும் கவனித்துவிட்டு வானம் தோண்டுங்கள். நூறு சதுர மீட்டர் கூரையில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் பத்தாயிரம் லிட்டர் நீர். 2003 முதல் தமிழகத்தில் கட்டாயமான மழைநீர்க் குழியைச் சட்டத்துக்காக அன்றி உங்கள் கிணற்றுக்காக அமையுங்கள். மதிப்பீட்டை வேலைவாரியாக எழுதி வாங்குங்கள். நூற்றுக்குப் பத்து பங்கைத் தனியே ஒதுக்கி வையுங்கள். அனுமதி பெறாமல் தொடங்காதீர்கள். 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 2024 சூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்து வழியை எளிதாக்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக, அடுப்படியில் நிற்கப்போகிறவரிடம் முதலில் கேளுங்கள்.

சென்ற ஆடியில் தம்பி விடுமுறையில் வந்தான். நண்பகல் உணவுக்குப் பின் பட்டாசலில் பாயை விரித்துப் படுத்தவன், மின்விசிறியைப் போடாமலே அஸர் பாங்கு வரை உறங்கிவிட்டான். எழுந்ததும், "மேலேயும் இதே மாதிரி சுவரே வச்சிருவோம் காக்கா" என்றான். அடுக்களையில் உம்மா சிரித்தது துளைச்சுவர் வழியே கேட்டது. அல்ஹம்துலில்லாஹ்.